கலத்துள் ஒரு கலம்

கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களை வகுப்பில் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும். குயவர் வனைவது கலம். நாம் உண்பது கலத்தில். கடலில் போவது மரக்கலம். காவிரிப் படுகையில் நெல்லை அளந்ததும் கலக்கணக்கில்தான். யாழுக்கும் அப்பெயர் உண்டு, பூணும் நகைக்கும் உண்டு. ஒன்றைத் தனக்குள் ஏந்திக் காப்பது என்ற எண்ணம் இவற்றுள் பலவற்றின் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றும். பின்னாளில் அறிவியல் பாடநூல் எழுதியவர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் குப்பிக்கு மின்கலம் என்றும், அவற்றின் வரிசைக்கு மின்கல அடுக்கு என்றும் பெயரிட்டார்கள். நல்ல பெயர்தான். ஆனால் நெய்வேலியில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது எப்போதும் பேட்டரிதான்.

என் தந்தையார் முதல் அனல்மின் நிலையத்தின் பேட்டரி அறையில் வேலை பார்த்தவர். சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1962இல் மின் உற்பத்தி தொடங்கி, 2020இல் மூடப்பட்ட அந்தப் பழைய நிலையத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கொதிகலன்களைப் பற்றியும் புகைபோக்கிகளைப் பற்றியும் பேசுவார்கள். ஊரையே ஒளிரச் செய்த ஒரு நிலையத்துக்குள், அந்த நிலையமே இருண்டு போனால் என்ன செய்வது என்பதற்காக ஓர் அறை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஈய அமிலக் கலங்கள் மரத்தட்டுகளில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட். எல்லாம் சேர்ந்து 220 வோல்ட் நேர்மின்சாரம். நிலையத்தின் மாறுமின்சாரம் முழுவதும் அறுந்துபோனாலும், சுழன்றுகொண்டிருக்கும் டர்பைன் உடனே நின்றுவிடாது. அதன் தாங்கிகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் நின்றால் உலோகம் உலோகத்தோடு உரசி எல்லாம் பாழ். அந்தக் கடைசி எண்ணெய்ப் பம்பு இந்த அறையை நம்பி இருந்தது. அப்பா ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு கலத்திலும் விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்பார். "ஆயிரத்து இருநூறு" என்பது எங்கள் வீட்டில் நலம் என்ற பொருளில் வழங்கிய எண். காய்ச்சல் விட்டதா என்று பாட்டி கேட்டால், "ஆயிரத்து இருநூறு" என்பார்.

அவருடைய பருத்திச் சட்டைகள் எல்லாவற்றிலும் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருக்கும். அமிலம் தெறித்த இடங்கள். துவைக்கும்போதுதான் அவை வெளிப்படும். அம்மா அவற்றைத் தைப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் ஒரு பாய்மரப் படகு. நெய்வேலிக்கும் பாய்மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கடல் எங்களிடமிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வடலூரும் குறிஞ்சிப்பாடியும் தாண்டிக் கடலூரில் இருக்கிறது. நகரியத்தில் பிறந்த நாங்கள் தண்ணீரைக் குழாயிலும், சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் வாய்க்காலிலும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் என் தம்பி எப்படியோ கடலுக்குப் போனான். வணிகக் கப்பல்களில் மின் அலுவலராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, கரையேறிச் சென்னையில் குடியமர்ந்தவன், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினான். முப்பது அடி நீளம், கண்ணாடியிழை உடல். இரண்டு தலைமுறைக்கு முன் வார்க்கப்பட்டது. அடியில் இரும்புக் கனம். ஒரு சிறிய டீசல் எந்திரம். படுக்க நான்கு பலகைகள்.

2025 பிப்ரவரியில் அவன் தொலைபேசியில் சொன்னான். "அக்கா, மார்ச் மொத வாரம் பாண்டிச்சேரி வரைக்கும் போறோம். வாடைக் காத்து பின்னால இருந்து தள்ளும். ஒரு ராத்திரிதான். பாப்பாவ அனுப்புறியா?"

பாப்பாவுக்கு அப்போது வயது பத்தொன்பது. சென்னையில் பொறியியல் இரண்டாமாண்டு. அவள் ஏற்கெனவே மாமனோடு துறைமுகத்துக்குள் நான்கைந்து முறை படகோட்டியிருக்கிறாள் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். அந்த மாதம் அவளுடைய கைப்பேசித் திரையில் ஓர் உலகப் படம் இருந்தது. தாரிணி என்ற நம் கடற்படையின் பாய்மரப் படகில் தில்னா, ரூபா அழகிரிசாமி என்ற இரண்டு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். பிப்ரவரி 15 அன்று தென்னமெரிக்காவின் நுனியான ஹார்ன் முனையைக் கடந்தார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். "நம்ம ஊருக்காரங்கம்மா" என்றாள் மகள். நெய்வேலியிலிருந்து புதுச்சேரி பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை.

என் கணவர் சரி என்றார். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்த கதையை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். சாதுவன் பிழைத்தான் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அவனோடு கிளம்பிய மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. முடிவை நான் அப்பாவிடம் விட்டேன். இந்திரா நகர் வீட்டின் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டே அவர் கேட்டது ஒரே கேள்வி: "பேட்டரி எப்ப மாத்துனான்?"

மாற்றப் போகிறார்கள் என்று தெரியவந்தது. பழையவை ஆறு ஆண்டு உழைத்து ஓய்ந்திருந்தன. அப்பா அடுத்த சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். எழுபத்தாறு வயது. கைப்பையில் மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு ஸ்பேனர் கட்டு, பழைய செய்தித்தாள் நிறுக்கப் பயன்படும் கொக்கி வைத்த வில் தராசு ஒன்று.

படகின் உள்ளே இறங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, இதற்குள் எல்லாம் இருக்கிறதே என்பதுதான். அடுப்பு, அலமாரி, விளக்கு, சிறு மேசை. எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் சமையலறையை நீளவாக்கில் அமுக்கினாற்போல இருந்தது. அமரும் பலகையைத் தூக்கினால் கீழே பேட்டரிகள். முதல் நாள்தான் ஒரு கடையிலிருந்து ஆள் வந்து புதியவற்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் நூறு ஆம்பியர் மணி கொண்டவை இரண்டு, எந்திரத்தைக் கிளப்பச் சிறியது ஒன்று. பெரியவை ஒவ்வொன்றும் முப்பது கிலோ. பழையவை தண்ணீர் ஊற்றும் வகை. புதியவை முற்றிலும் மூடியவை. அமிலம் தளும்பாமல் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறிக் கிடக்கும். இலித்தியம் வகை வாங்கியிருக்கலாமே, பாதி எடைகூட வராதே என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். தம்பி மறுத்துவிட்டான். இலித்தியத்தின் காவல் சுற்று ஏதோ ஒரு காரணத்தால் திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், அந்த நொடியில் பழைய எந்திரத்தின் மின்னாக்கி எரிந்துபோகக்கூடும், எல்லாவற்றையும் மாற்றுவதாக இருந்தால்தான் அதற்குப் போக வேண்டும் என்பது அவன் கணக்கு. அப்பா இதற்குத் தலையசைத்தார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயமும், அன்று மதியம் வரைக்கும் கடைசி விஷயமும் அதுதான்.

சிக்கல் அளவில் இருந்தது. மாற்று பேட்டரி வாங்குகிறவர்கள் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்க்கிறார்கள், நீள அகலத்தைப் பார்ப்பதில்லை. புதியவை பழையவற்றைவிட இரண்டு விரற்கடை குட்டை, ஒரு விரற்கடை ஒல்லி. பழைய பெட்டி பழையவற்றுக்காகச் செய்தது. மேலே இருந்த பிடிப்பட்டை புதியவற்றின் தலையைத் தொடவே இல்லை. வந்தவர் பக்கத்து இடைவெளியில் தெர்மோகோல் துண்டுகளைச் செருகி, மேலே இருசக்கர வண்டிகளில் சாமான் கட்டும் ரப்பர் கயிற்றை இழுத்துக் கொக்கி மாட்டியிருந்தார். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் கடந்து போயிருப்பேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "இதுக்கு மேல என்ன இருக்கு?"

"நாம உக்கார்ற பலகைப்பா."

"அதுக்கு மேல?"

"கூரை."

"படகு கவுந்தா?"

தம்பி சிரித்தான். மார்ச் மாதத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் படகு கவிழாது என்றான். அப்பா சிரிக்கவில்லை. "கவுந்தா எங்க போகும்னு கேட்டேன். கவுறுமான்னு கேக்கல."

அடிக்கனம் வைத்த பாய்மரப் படகைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெரிய அலை அதைத் தலைகீழாகப் புரட்டினாலும், அடியில் உள்ள கனம் அதைத் திரும்ப நிமிர்த்திவிடும். அதற்காகத்தான் அந்தக் கனமே. ஆனால் புரள்வதற்கும் நிமிர்வதற்கும் இடையில் சில நொடிகள் இருக்கின்றன. அந்த நொடிகளில் தரை கூரையாகிறது. முப்பது கிலோ ஈயம் அமர்பலகையை உடைத்துக்கொண்டு, உள்ளே படுத்திருப்பவர் மேல் வந்து விழும். படகு நிமிர்ந்துவிடும், மனிதர் நிமிர்வார் என்பதற்குத்தான் உறுதியில்லை. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் வந்து பதினைந்து பந்தய வீரர்கள் இறந்தார்கள். 303 படகுகள் கிளம்பிய பந்தயம் அது. எத்தனையோ படகுகள் பக்கவாட்டில் சாய்ந்தன, தலைகீழாகப் புரண்டன. கைவிடப்பட்ட படகுகள் இருபத்துநான்கு. அவற்றுள் மூழ்கியவை ஐந்து மட்டுமே. அப்பந்தயத்துக்குப் பிறகுதான் படகுக்குள் இருக்கும் கனமான பொருள்களை, அடுப்பானாலும் பேட்டரியானாலும், படகு தலைகீழானாலும் நகராதபடி பிணிக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்கடல் பந்தய விதிகளில் அழுத்தம் பெற்றது.

நம்மவர் ஒருவரின் கதையும் உண்டு. தாம் ஓட்டிய துரியா என்ற படகு 2018 செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் புரண்டு பாய்மரம் ஒடிந்தபோது, கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றில் தம் நிலையைத் தெரிவித்தார். மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. மூன்று நாள் அவர் இருக்கும் இடத்தை உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவை, உள்ளே மின்சாரம் மிச்சமிருந்த சில கருவிகள். அவர் மீண்டு வந்து 2023 ஏப்ரலில் அதே பந்தயத்தை இரண்டாமவராக முடித்தார் என்பதை என் மகள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் முதல் பாதியையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பேட்டரி நகர்ந்தால் எடை மட்டும் ஆபத்தில்லை. முனைகளில் உலோகம் எதுவும் பட்டால் குறுக்கு மின்சாரம், பொறி, தீ. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றக்கூடியது. மூடிய வகையிலும் அளவுமீறி ஏற்றினால் வால்வு திறந்து வாயு வெளிப்படும். அது இலேசானது, மேலே போய்க் கூரையடியில் தேங்கும். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கிக் கப்பலின் பேட்டரி அறையில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். பழுதான வால்வு வழியாகக் கசிந்த ஹைட்ரஜன்தான் காரணம் என்று அப்போது கூறப்பட்டது. அந்தச் செய்தியை அப்பா கத்தரித்து வைத்திருக்கிறார். கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் இன்னொரு கேடு. உப்பிலிருந்து குளோரின் கிளம்பும். நீர்மூழ்கிகளில் வேலை செய்தவர்கள் அஞ்சிய வாயு அது. நெய்வேலியில் அவருக்கு அமிலமும் ஹைட்ரஜனும் தெரியும். உப்புத் தண்ணீர் தெரியாது. அதைத் தம்பிதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு பேட்டரியின் அடியில், படகின் பள்ளத்தில் தேங்கும் நீர் எவ்வளவு உயரம் வரக்கூடும் என்று விரலால் அளந்தார்.

"பம்பு எதுல ஓடுது?" என்று கேட்டார். இந்தப் பேட்டரியில்தான் என்றான் தம்பி. "அப்ப நம்ம சுரங்கம் மாதிரிதான்." நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நெய்வேலிச் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், நிறுத்தினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும். நகரியத்தில் வளர்ந்த குழந்தைகளுக்கெல்லாம் இது தெரியும். நாங்களும் ஒரு வகையில் படகில்தான் வளர்ந்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தந்தைக்கும் மகனுக்கும் சண்டை வந்தது இரும்பில். அப்பா, மேலே ஓர் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் போல்ட் போடு என்றார். அனல்மின் நிலையத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் விடை. தம்பி முடியாது என்றான். கடலில் இரும்பு ஆறு மாதம் தாங்காது. துருத் தின்று பாதியாகும், தெரியாமலே அறுந்து போகும். அதைவிட மோசம், முனைகளுக்கு மேலே நாமே ஒரு உலோகத் துண்டைக் கொண்டுபோய் வைப்பது, அது இறங்கினால் அங்கேயே பற்ற வைத்த மாதிரி. "முப்பது வருசம் பேட்டரி ரூம்ல இருந்தேன்டா" என்றார் அப்பா. "உங்க ரூமு ஆடலப்பா" என்றான் தம்பி.

பேச்சு நின்றுவிட்டது. நான் தேநீர் வாங்கி வருகிறேன் என்று மேலே ஏறினேன். கரையில் நிறுத்தியிருந்த படகுகள் எல்லாம் கயிற்றில் அசைந்துகொண்டிருந்தன. உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், உப்புக்கு மாற்றாக நெல் கொண்டுவந்த படகுகள் கழியோரம் கட்டப்பட்டிருப்பதை லாயத்துக் குதிரைகளுக்கு ஒப்பிடுகிறார். பல ஆண்டு அதைப் பாடம் சொல்லியிருக்கிறேன். அந்த உவமை கண்ணுக்கானது என்றே நினைத்திருந்தேன். கட்டப்பட்ட குதிரை சும்மா நிற்பதில்லை, கயிற்றை எந்நேரமும் சோதித்துக்கொண்டே இருக்கும் என்பது அன்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது. பிணித்தல் என்றால் கட்டுதல். பிணி என்றால் நோயும்தான். உடம்பைக் கட்டிப்போடுவதால் அப்பெயர் வந்திருக்கலாம்.

அப்பாவின் பிடிவாதத்துக்குப் பேட்டரி அறை மட்டும் காரணமில்லை. தம்பிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் அன்றோடு போயின. நகரியத்தின் சாலையோர மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் ஊர் நாள்கணக்கில் இருட்டில் இருந்தது. இந்திரா நகர் வீட்டின் பின்தாழ்வாரத்தில் இன்வர்ட்டர் பேட்டரியை அப்பா ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார். தரையில் வைத்தால் வெள்ளம் வந்தால் கெட்டுவிடும் என்று. பேட்டரிக்காரர் வீட்டில் எல்லாம் யோசித்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். அந்த இரவு பக்கத்து மனையின் பலாக்கிளை ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைத்துக்கொண்டு இறங்கி, முக்காலியோடு பேட்டரியைத் தள்ளிவிட்டது. பெட்டி பிளந்து அமிலம் மழைநீரோடு தாழ்வாரம் முழுக்கப் பரவியது. சத்தம் கேட்டு அம்மா வெறுங்காலோடு இருட்டில் ஓடிவந்தார். வழுக்கி விழுந்தவர் எழ முடியாமல் அந்த நீரிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார். சாலையெல்லாம் மரம் கிடந்ததால் மருத்துவமனைக்குப் போக மறுநாள் மதியமாயிற்று. அதுவரை அப்பா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். இடது பாதத்தில் உள்ளங்கையளவு வடு அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. தம்பி அப்போது அட்லாண்டிக்கில் இருந்தான். வெந்நீர் கொட்டிவிட்டது என்று அவனிடம் சொல்லச் சொன்னார் அப்பா. அப்படியே சொன்னோம். பிறகு வந்த பேட்டரியைத் தரையில் வைத்து, சுவரில் வளையம் அடித்து, இரண்டு பட்டையால் கட்டினார். 2019இல் அம்மா போன பிறகும் மாதம் ஒருமுறை அந்தப் பட்டையை இழுத்துப் பார்ப்பார்.

தேநீரோடு நான் இறங்கி வந்தபோது அவர்கள் மரத்தில் உடன்பட்டிருந்தார்கள். குறுக்கே தேக்குக் கட்டை. மின்சாரம் கடத்தாது, கடலுக்குப் பழகியது. அதை இறுக்குவது துருவேறா எஃகில் செய்த நீண்ட போல்டுகள், 316 தரம். போல்டுகள் மெல்லிய பலகையைப் பிடிக்காமல், படகின் உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்ட குறுக்குச் சட்டங்களைப் பிடிக்க வேண்டும் என்றார் அப்பா. பிடிப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும், பிடிக்கப்படும் இடம் தோற்றால் எல்லாம் தோற்கும். தெர்மோகோலை எடுத்துவிட்டு அளவெடுத்து அறுத்த மரத்துண்டுகளைப் பக்கங்களில் பொருத்தி, கண்ணாடியிழை வைத்து ஒட்டினார்கள். அது காய ஒரு நாள் ஆயிற்று. நாங்கள் தம்பி வீட்டில் தங்கினோம். முனைகளுக்கு ரப்பர் மூடி. நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் உருகி. கம்பிகள் முனையில் தொங்காதபடி அவற்றுக்குத் தனியே பிடி. கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில் என்பதைப் பாப்பாவை வாயால் சொல்ல வைத்தார். ஸ்பேனர்களின் கைப்பிடியில் மின்பொறியாளர் நாடாவைச் சுற்றி வைத்ததும் அவள்தான்.

ஞாயிறு மாலை சோதனை. தம்பி அமெரிக்க அரசின் படகு விதி ஒன்றைச் சொன்னான். பேட்டரியை மேலேயும், முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒவ்வொரு நிமிடம் இழுக்க வேண்டும். எடையில் இருமடங்கு, அல்லது 90 பவுண்டு, எது குறைவோ அந்த விசையில். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தொண்ணூறு பவுண்டு என்றால் நாற்பத்தோரு கிலோ.

"எது கொறைவோவா?" என்றார் அப்பா. "யாரு எழுதுனது?"

தம்பி பதில் சொல்லவில்லை.

"அலை மேலருந்து படகு விழுந்தா முப்பது கிலோ முப்பது கிலோவாவா இருக்கும்?" அறுபதுக்கு இழுக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் கொண்டுவந்த வில் தராசு ஐம்பதோடு முடிந்துவிடும். கொக்கியைப் பட்டையில் மாட்டி, ஐம்பது வரை தம்பி இழுத்துப் பிடிக்க, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் என்பது இவ்வளவு நீளமா என்று எனக்குத் தோன்றியது. தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. பேட்டரியின் விளிம்பில் பாப்பா ஒரு பென்சில் கோடு போட்டிருந்தாள். கோடு நகரவில்லை. ஐந்து பக்கமும் இழுத்தார்கள். கடைசியில் அப்பா தராசை வாங்கித் தானே ஒரு முறை மேல்நோக்கி இழுத்தார். இழுத்தபடியே, யாரையும் பார்க்காமல், "அம்மா கால்ல இருந்தது வெந்நீர் இல்லடா" என்றார்.

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தெரியும்ப்பா. வடுவப் பாத்தா தெரியாதா, நானும் பேட்டரிதானே பாக்குறேன்" என்றான்.

அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய பேட்டரிகளைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். ஈயத்துக்கு எப்போதும் விலையுண்டு.

மார்ச் முதல் வாரம் அவர்கள் கிளம்பினார்கள். துறைமுகத்திலும் கடலோரக் காவல் படையிடமும் தெரிவிக்க வேண்டியவற்றைத் தெரிவித்து, பிற்பகல் மூன்று மணிக்கு. எழுபத்தைந்து கடல்மைல். மணிக்கு ஐந்து என்று வைத்தால் பதினைந்து மணி நேரம். கரையோரமாகப் போனதால் மாமல்லபுரம் தாண்டும்வரை கைப்பேசி எடுத்தது. இரவு பத்து மணிக்கு அப்பாவின் அழைப்பு. பாப்பாவிடம் கடல் எப்படி, வாந்தி வந்ததா, பயமா என்று எதுவும் கேட்கவில்லை. "எவ்வளவு காட்டுது?" "12.5 தாத்தா." "லைட்டெல்லாம் எரியுதா?" "எரியுது." வைத்துவிட்டார். முழுதும் ஏறிய நிலையில் 12.7 இருக்கும், பன்னிரண்டுக்கு வந்தால் ஏறக்குறையக் காலி என்று எனக்கு விளக்கிவிட்டுத் தூங்கப் போனார். நான் தூங்கவில்லை. பின்னிரவில் காற்று ஏறியதாகவும், படகு நன்றாகச் சாய்ந்து ஓடியதாகவும், அடுப்பருகே இருந்த ஒரு டப்பாவும் இரண்டு தட்டுகளும் பறந்ததாகவும் பிறகு சொன்னாள். அமர்பலகைக்கு மேலேதான் அவள் படுத்திருந்தாளாம். அந்த இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

மறுநாள் முதல் பேருந்தில் நானும் அப்பாவும் புதுச்சேரிக்குப் போனோம். அரியாங்குப்பம் ஆற்று முகத்துக்குள் படகு வந்து நின்றிருந்தது. உப்பேறிய முகத்தோடு மகள் கையசைத்தாள். தம்பி கைகொடுக்க அப்பா உள்ளே இறங்கினார். பலகையைத் தூக்கினார். பென்சில் கோட்டைப் பார்த்தார். தேக்குக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இடப்பக்க நட்டைக் கால் சுற்று இறுக்கினார். பிறகு பலகையை மூடி, அதன்மேல் உட்கார்ந்து, பேத்தியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.